எலாஸ்டிக்கைப் பிடித்து நடந்த கதை

கண் போனால் மற்ற புலன்களெல்லாம் கூர்மையாகும் என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். எனக்குக் கூர்மையானது பசி ஒன்றுதான். நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை என் பார்வையைப் பறித்தது. அடுத்த ஒன்றரை வருடத்தில் நான் பதினோரு கிலோ ஏறினேன். "நடங்க. இல்லாட்டி அடுத்தது கால்தான்" என்றார் டாக்டர்.

எங்கே நடப்பது? திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவில் ஷிப்டுக்குப் பறக்கும் பைக்குகள் கண் தெரிந்தவனையே விடாது. ஜிம்மில் கேட்டால், "கூட ஆள் இருந்தா வாங்க சார்" என்றார்கள். அந்த ஆள், அதாவது என் மனைவி சரசு, காலையிலேயே தையல் கம்பெனிக்குப் போகிறவள். தவிர, நான் வாசல்படி இறங்கினாலே அவளுக்குப் பாதி உயிர் போய்விடும்.

"ஒரே ஒருக்கா உழுந்தீங்கன்னாலும் அப்பறம் ஊட்டுக்குள்ளதான். சொல்லிப்போட்டேன்."

வீட்டை ஒட்டிய காலி சைட்டில், எங்கள் கேட்டிலிருந்து கோடியில் நிற்கும் வேப்பமரம் வரை கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி நடப்பது என் திட்டம். வீட்டில் கயிறு இல்லை. எலாஸ்டிக் இருந்தது. (திருப்பூர்க்காரன் வீட்டில் அரிசி தீரலாம், எலாஸ்டிக் தீராது.) சரசு கூட வந்து இழுத்துப் பிடிக்க, நானே கட்டினேன்.

"ஏனுங்க, இது ஆகுமுங்களா?"

"பதினெட்டு வருசம் ஜட்டிக்கு எலாஸ்டிக் வெச்சவன். எங்கிட்டயே கேக்கறயா?"

மறுநாள் காலை நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பினேன். கயிறு என்றால், விலகினால் கையைப் பிடித்து நிறுத்தும். எலாஸ்டிக்கோ நான் கோணலாகப் போனால் மரியாதையாகக் கூடவே வந்தது. போகப்போகக் கை கனத்தது. உடற்பயிற்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

திடீரென்று ஈரமாக ஏதோ முகத்தில் சப்பென்று ஒட்டியது. யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"ஐயோ, கடத்தறாங்க!" என்று அலறினேன். (தொண்ணூறு கிலோவை எவன் கடத்துவான் என்று அப்போது தோன்றவில்லை.)

"தம்பி, நானுங்க! நைட்டிய உடுங்க!"

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாக்கா. அவர் துணி காயப்போடும் கொடிக்குள் தலையை விட்டிருந்தேன். பதற்றத்தில் நைட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்து, எலாஸ்டிக்கை விட்டேன். அது விர்ரென்று திரும்பிப் போனது. கேட்டருகே 'சடீர்' என்று ஒரு சத்தம். டம்ளர் உருண்டது.

"அட கெரகமே! என்ர காப்பி!"

கம்பெனிக்குக் கிளம்புமுன் காப்பியோடு கேட்டில் நின்ற சரசுதான். இன்றோடு நடை முடிந்தது, இனி நாற்காலிதான். ஆனாலும் விடவில்லை.

"சரசு, நான் உழுகுல. காப்பிதான் உழுந்துச்சு."

சரசு டம்ளரைப் பொறுக்கும் சத்தம். கண்ணம்மாக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவது கேட்டது.

"நாளைக்கும் நடப்பேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எதன்மேலோ வைத்தாள். விறைப்பான நைலான் கயிறு. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"நானே கட்டிப்போட்டேன். நீங்க இனி நடக்கறத மட்டும் பாருங்க."

இப்போது தினமும் கேட்டுக்கும் வேப்பமரத்துக்குமாக அறுபது நடை. ஏழு கிலோ இறங்கிவிட்டது. மானம் முழுதாக இறங்கிவிட்டது. போன வாரம் மடத்துக்குளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, குறுக்கு வழி தெரியும் என்று எங்கள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை காரை எங்கோ திருப்பினார். பின்சீட்டிலிருந்து சரசு நிதானமாகச் சொன்னாள்:

"மாப்ள, நீங்க புடிச்சிருக்கறது கயிறா எலாஸ்டிக்கானு ஒருக்கா பாத்துக்கங்க."

மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் ரிவர்ஸ் எடுத்தார்.