370371 பகா எண்ணே என்று நிறுவிய படலம்

வாழி! சுண்ணக்கட்டித் துகள் தோய்ந்த தோளினன், சூத்திரம் சுமந்து சொட்டையான சென்னியன், கேட்பாரில்லாவிடினும் விளக்கும் விரிந்த நெஞ்சினன், ஒன்பதாம் வகுப்பின் உறக்கத்துக்கு ஒரே காரணன், எங்கள் கணித ஆசான் வாழி! அவன் வீரம் பாட எமக்கு நாவும், கேட்க உமக்குப் பொறுமையும் உண்டாகுக!

பதினோராண்டு தவங்கிடந்து, ஆசிரியர் அறையின் ஒரே மின்விசிறிக்குக் கீழிருந்த நாற்காலியை அவன் சென்ற மாதந்தான் கைப்பற்றியிருந்தான். அவ்வரியணையில் சாய்ந்து, புதிதாய் வந்த தன் அடையாள அட்டையின் எண்ணை உயர்த்திக் காட்டி, “370371! இது பகா எண்! ஒன்றும் தானுமன்றி இதனை மீதியின்றி வகுக்கவல்ல எண் எதுவுமில்லை! உண்டெனில் இந்நாற்காலி துறப்பேன்!” என்று முழங்கினான். யாராவது கேட்டார்களா? இல்லை. வாய் சும்மா இருந்தால்தானே! வெயிலில் வெந்து வந்து கழிவறைக் கதவோரம் அமர்ந்திருந்த உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் கழுத்தைத் துடைத்தபடி, “போட்டுக் காட்டுங்க சார், பாப்போம்” என்றார்.

மூண்டது போர். ஈற்றிலக்கம் ஒன்று என்றதுமே இரண்டும் ஐந்தும் புறமுதுகிட்டன. அவற்றோடு நின்ற மூன்றையும், “சிறுபிள்ளைகள் பழகும் எண்ணோடு யான் பொருவதோ!” என்று ஏளனமாய்த் தள்ளினான். ஏழு வந்தது, ஒன்று மீதி. பதினொன்று வந்தது, ஒன்றே மீதி. பதின்மூன்றும் அவ்வாறே, முப்பத்தேழும் அவ்வாறே. மயிரிழையில் தப்பியது நாற்காலி. அப்பப்பா, என்ன கண்டம்!

மூன்று நாள், உணவு இடைவேளையும் மறந்து, திருத்தக் கொடுத்த நாற்பது விடைத்தாள்களின் முதுகெங்கும் வகுத்தல் வரைந்து, மதிப்பெண் கேட்டு வந்த பிள்ளைகளை விழியாலேயே விரட்டி, அணியணியாய் வந்த நூற்றெட்டுப் பகா எண்களை ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்த்தி, இறுதியில் வந்த அறுநூற்றேழும் நூற்றொன்றை மீதி வைத்து மடிய, எண்ணின் வர்க்கமூலத்துக்கு அப்பால் தேட வேண்டா என்பது கணித நூலோர் துணிபாதலின், “வென்றேன்! எண்ணும் என்னது, இருக்கையும் என்னது!” என்று மேசையை அறைந்தான் ஆசான்.

உடற்பயிற்சி ஆசிரியர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“சார், தினமும் பசங்கள மூணு மூணா நிறுத்துறவன் நான். இந்த இலக்கத்தை எல்லாம் கூட்டினா இருபத்தொண்ணு வருது. அப்ப மூணால போகும்ல?”

ஆறாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் தானே ஓதும் அவ்விதி செவியில் விழ, அறுநூறுவரை அஞ்சாத கையால் மூன்றை இட்டு வகுத்தான் ஆசான்; மீதி பூச்சியம். ஈவாய் வந்த 123457 மெய்யாகவே பகா எண்தான்; அதற்காக யார் நாற்காலி தருவார்?

கணக்கு சார் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கழிவறைக் கதவோரம் போய் உட்கார்ந்தார்.