மொட்டைத் தலை சென்டர் ஹாஃப்

ஒரு பையனின் மனப்பிடிப்பை அளந்து சொல்லிவிடுவேன் என்று எவனாவது உங்கள் வாசலுக்கு வந்தால் அவனுக்கு உட்காரப் பாய் போடாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், தாகம் எல்லோருக்கும் பொது. பாய் மட்டும் வேண்டாம்.

போன வாரம் எங்கள் வீட்டுக்கு அப்படி இரண்டு பேர் வந்தார்கள். மலைமேல் தேயிலை எஸ்டேட்டுக்காரர்கள். எஸ்டேட்டுகளுக்குள் வருஷா வருஷம் பந்தாட்டப் போட்டி நடக்கிறது. அந்தக் கேடயத்தை ஜெயிக்க, காலேஜில் ஆடுகிற பையன் ஒருவனைப் பொறுக்கி, கணக்கு எழுதும் உத்தியோகம் கொடுத்து மேலே கொண்டுபோவது அவர்கள் வழக்கம். நான் இப்போது பள்ளிக்கூட வாத்தியார், ஒரு காலத்தில் ஆடியவன். "யாருக்குப் பிடிப்பு இருக்கு, யாரு பின்னாடி நல்லா வருவான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார்கள்.

நான் போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. என் மனைவிதான் அவர்களுக்கு மோர் கொடுத்து வழியனுப்பினாள். "அவுகளுக்கு அந்தப் பேச்சே ஆகாதுங்க. அவுங்கப்பாவை ஒருக்காக் கொன்னது அதுலதானுங்க" என்று வாசலில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. வந்தவர்கள் மோரைப் பாதியில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

கொன்றது உண்மைதான். சொல்கிறேன்.

ஐரோப்பிய யுத்தம் முடிந்த சமயம். பாலக்காட்டுக் காலேஜில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். (படித்தேன் என்பது மரியாதைக்கு. பந்து உதைத்துக்கொண்டிருந்தேன்.) நான் சென்டர் ஹாஃப். மைதானத்தின் நட்டநடுவில் நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, முன்னால் எவனுக்குக் கொடுப்பது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிறவன். கணவாய்க் காற்று மாசி மாதத்தில் என்ன பாடு படுத்தும் என்று எங்கள் பக்கத்தாருக்குத் தெரியும். கிழக்கே உதைத்த பந்து யோசித்துவிட்டுத் திரும்பி வரும். அந்தக் காற்றோடு பேசிப் பேசியே ஆடக் கற்றவன் நான். காற்றுக்கு என்னைத் தெரியும் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். (பத்தொன்பது வயதில் இதற்கு மேலும் நினைப்பார்கள்.)

என் மாமா, அம்மாவின் அண்ணன், முதலமடையில் இருந்தார். "மாப்ளைக்கு உத்தியோகம் ஆகட்டும், பொறவு பொண்ணப் பத்திப் பேசலாம்" என்று ஒரே பேச்சில் நின்றார். அப்பாவோ புகையிலைக் காட்டைக் காட்டி, "காலேஜு போதும், வந்து களை எடு" என்றார். ஆக, எஸ்டேட்டு உத்தியோகம் கிடைத்தால் பந்தும் உண்டு, பெண்ணும் உண்டு. கிடைக்காவிட்டால் புகையிலை.

அந்த வருஷம் மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட்டு ஒன்றிலிருந்து பெரிய கணக்கப்பிள்ளை ஆள் பொறுக்க வருகிறார் என்றார்கள். கடைசியில் போட்டி இரண்டு பேருக்குள் நின்றது. நான் ஒருவன், என் சிநேகிதன் மீரான் ஒருவன். பெரிய கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் மகன். அவனும் சென்டர் ஹாஃப்தான், எதிர்க்கட்சிக்கு.

முதல் நாள் மத்தியானம் மீரான்தான் சேதி கொண்டுவந்தான்.

"எடா, கணக்கப்பிள்ளை தனியா வரலியாம். மாட்டுத் தரகர் நாச்சிமுத்துவும் கூட வர்றாராம்."

"மாட்டுத் தரகருக்குப் பந்தாட்டத்துல என்னடா சோலி?"

"எஸ்டேட்டு வண்டிக்கு மாடெல்லாம் அவர் புடிச்சுக் குடுத்ததுதானே. ஒண்ணுகூடச் சோடை போகலியாம். 'மாட்டைப் பாத்தவன் மனுசனையும் பாக்கட்டும்'னு துரை சொல்லிட்டாராம். அத்தா கடையில பேசிக்கிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி என் உச்சந்தலையைப் பார்த்தான். "அவர் முதல்ல சுழிதான் பாப்பாராம்டா."

எனக்கு ரெட்டைச் சுழி. பிறந்ததிலிருந்து ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம் "ரெண்டு கல்யாணம்டா உனக்கு" என்று தலையில் தட்டிய அதே சுழி. ரெட்டைச் சுழி மாட்டை எங்கள் பக்கத்தில் சந்தைக்கு ஓட்டிப் போவதே வீண். ஒரு நுகத்தில் நிற்காது என்பார்கள்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். கணக்கும் தர்க்கமும் படித்த மூளை அது. முடி இருந்தால்தானே சுழி? முடியே இல்லாவிட்டால்?

மறுநாள் காலையில் நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் மழித்து முடித்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மொட்டைத் தலைக்குக் கீழ மீசை நின்னா திருட்டுக் களை வருதுங்க தம்பி" என்றார். அப்போதுதான் அரும்பியிருந்த மீசை. "எடுத்துருங்க" என்றேன். கோயில் வேண்டுதல் போலத் தெரியட்டும் என்று சந்தனத்தை அப்பிவிட்டார். தலையும் மீசையும் சேர்ந்து போனால் எங்கள் ஜாதி ஜனத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பன் செத்தவன். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் தலைக்குள் சுழியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

மைதானத்தில் பூவரச நிழலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டும் குடையுமாகத் திருநெல்வேலிக்காரர் பெரிய கணக்கப்பிள்ளை. தோளில் துண்டோடு நாச்சிமுத்து.

"வாயைத் தொறங்க கண்ணு" என்றார் நாச்சிமுத்து.

திறந்தேன். பல்லைப் பார்த்தார். ஆடுசதையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, நான் துள்ளுகிறேனா என்று பார்த்தார். அங்கும் இங்கும் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து குதிகாலைக் கவனித்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, சந்தனத்துக்கு மேலேயே என் மண்டையில் விரலை ஓடவிட்டார். மழித்த மண்டையில் மயிர்க்கால்கள் சுழன்று சுழன்று போவது முடி இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்ததாம். (படித்த மூளை!)

"ரெண்டு இருக்குதுங்க" என்றார். "பாதி மலை ஏறையில திரும்பிப்போடும்."

"அப்படியா சொல்லுதீரு? கால் நல்லாத்தாம்வே இருக்கு" என்றார் கணக்கப்பிள்ளை.

"கால் இருக்குதுங்க. பிடிப்பு இருக்கோணுமுல்லீங்க? குளிரும் அட்டையும் கண்டா எறங்கி ஓடிப்போகாம நிக்கோணும்."

பிறகு இருவரும் துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டார்கள். சந்தையில் விலை பேசுவது போல உள்ளே விரல்கள் அசைந்தன. மீரானுக்கு எத்தனை விரல், எனக்கு எத்தனை விரல் என்று வெளியே ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தத் துண்டை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒருவன் விடியற்காலம் எல்லாம் வெறுங்காலோடு ஓடியது, நகம் பெயர்ந்தது, காற்றோடு மல்லுக்கட்டியது, எல்லாவற்றையும் ஓர் அழுக்குத் துண்டுக்கு அடியில் வைத்து மூடிவிட்டார்கள். துண்டை எடுத்தபோது கணக்கப்பிள்ளை மீரானைப் பார்த்துச் சிரித்தார்.

ஆட்டம் வெறும் சடங்குக்கு ஆரம்பித்தது. நான் ஆடினேன் பாருங்கள்! பிடிப்பு என்றால் என்ன என்று காட்டிவிடும் ஆத்திரத்தில் ஊர் நாய் போல ஓடினேன். சந்தனம் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. கண் எரிச்சலில் என் கட்சிக்காரனையே இரண்டு தடவை இடித்துத் தள்ளினேன். ஒரு தடவை நடுவருக்குப் பந்தைக் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார். சந்தனம் முழுக்க வழிந்துபோய்த் தலை வெயிலில் பளபளக்க ஆரம்பித்த வேளையில்தான் மாமா வந்தார்.

தரகரைக் குளிரவைக்க ஒரு பானை வடுமாங்காயைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். மைதானத்து ஓரத்தில் நின்று என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். முதலில் தலையைப் பார்த்தார், அப்புறம் மேலுதட்டைப் பார்த்தார். பானை விழுந்து உடைந்தது.

"அய்யோ, மச்சான்!"

மாமாவின் குரல் சந்தைக் குரல். ஆட்டம் அப்படியே நின்றது. மாமா மார்பில் அடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார். "எப்படா? எப்பப் போனாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி உடலீங்களேடா! மாமன்னு ஒருத்தன் இருக்கறது மறந்துபோச்சாடா? நான் மூஞ்சியப் பாக்காமயே எடுத்துட்டீங்களேடா!" வடுமாங்காய்கள் மைதானமெல்லாம் உருண்டன. அவற்றை மிதித்து மீரான் மல்லாக்க விழுந்தான்.

நான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க மாமா" என்று சொல்லத்தான்.

அதற்குள் பூவரச நிழலிலிருந்து கணக்கப்பிள்ளை எழுந்து வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "ஏலே, தகப்பனார் தவறிப் போயிட்டாவளா? அந்தத் துக்கத்தோடயாலே ஆட வந்தே?" என்றார். என் மொட்டைத் தலையில் கையை வைத்தார். "நாச்சிமுத்து, பாரும்வே! சுழியாம் சுழி! இதைவிடப் பிடிப்பு எங்கவே இருக்கு? இவனைத்தாம்வே கொண்டு போறோம்."

நாச்சிமுத்துவும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க மாடுகூட இப்படி நிக்காதுங்க."

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அவ்வளவுதான். என் அப்பாவை நான் கொன்றது அந்த ஒரு கணத்தில். மலை தெரிந்தது, பனி தெரிந்தது, மாமன் மகள் தெரிந்தாள். துக்கமாக இருக்கட்டும் என்று தலையை வேறு குனிந்துகொண்டேன்.

மாமா அங்கே நிற்கவில்லை. விதவையான தங்கைக்குக் கோடித் துணி எடுத்துப் போக வேண்டியது பிறந்த வீட்டுக் கடமை. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு நேரே பெரிய கடைவீதிக்கு ஓடினார். அங்கே நடந்ததை மீரானின் அத்தா கடைசிவரைக்கும் ஊருக்கெல்லாம் நடித்துக் காட்டினார்.

"ஒரு வெள்ளைச் சீலை வெரசாக் குடுங்க, எங்க மச்சான் போயிட்டாருங்க" என்று மாமா கடைத் திண்டில் விழுந்து அழுதிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் புகையிலை விற்ற கையோடு வேட்டிக் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டாராம்:

"எந்த மச்சான் போயிட்டான்? உனக்கு நான் ஒருத்தன்தானே இருக்கறேன்?"

அரை மணிக்குள் மைதானத்தின் மேற்கு மூலையில் புழுதி எழுந்தது. முன்னால் அப்பா. பின்னால் மாமா. அதற்குப் பின்னால் கடைவீதியில் பாதி. நான் ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. (பிடிப்பு!)

அப்பா அடிக்கவில்லை. என் தலையைச் சுற்றி வந்து ஒரு தடவை பார்த்தார். "நான் எப்படா செத்தேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி உட்டிருந்தா ஊட்டுலயே படுத்திருப்பனே, எதுக்குடா வெயில்ல புகையில சொமந்துட்டு வந்தேன்?"

கணக்கப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவியதான் செத்தவியளா?"

"ஆமாங்க. சித்த முந்தித்தான்" என்றார் அப்பா.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. நான் கணக்கப்பிள்ளையின் கோட்டைப் பிடித்தேன். "நான் பொய் சொல்லலீங்க. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. ஆட்டம் அதே ஆட்டந்தானுங்களே? கால் அதே கால்தானுங்களே?"

"அதெப்படிலே?" என்றார் அவர், கோட்டை விடுவித்துக்கொண்டு. "அப்பன் செத்தும் வந்தவன்னா அது ஒரு பெருமை. அப்பன் கல்லு மாதிரி இருக்கையிலே எவனும் வருவாம்லே."

அன்றைக்கும் இன்றைக்கும் எனக்கு ஆறாத இடம் இதுதான். பொய்க்காரன் என்று தள்ளியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். என் அப்பா உயிரோடு இருந்ததுதான் என் தகுதிக்குறைவு! ஒரே மாலையில், ஒரே காலை வைத்துக்கொண்டு, சுழியால் தாழ்ந்து, சாவால் உயர்ந்து, அப்பா நடந்து வந்ததால் மறுபடி தாழ்ந்தேன். இதற்கு நடுவில் என் ஆட்டத்தை ஒரு மனிதன் பார்த்தானா? நடுவருக்குப் பந்து கொடுத்ததைக்கூட எவனும் பார்க்கவில்லை!

மீரானைக் கொண்டுபோனார்கள். ஒற்றைச் சுழிக்காரன், உறுதியானவன். ஒரே வாரத்தில் கால் முழுக்க அட்டைக் கடியோடு இறங்கி வந்து அத்தாவின் கடையில் துணி கிழிக்க உட்கார்ந்தான். அந்த வருஷம் கேடயம் சின்னக்கானல் பக்கத்து வேறொரு எஸ்டேட்டுக்குப் போயிற்று. ரெட்டைச் சுழிக்காரனான நான் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே நாற்காலியில், ஒரே மனைவியோடு தலை நரைக்க உட்கார்ந்திருக்கிறேன். எங்கே அந்தத் தரகர்? கூப்பிடுங்கள் அவரை!

மனைவி எப்படிக் கிடைத்தாள் என்பீர்கள். அன்று சாயங்காலம் வண்டியில் அப்பா மாமாவிடம் சொன்னார்: "உசுரோட இருக்கறவனுக்குக் கோடி எடுக்க வந்தவன் நீ. அந்தப் பாவம் போகோணும்னா பொண்ணக் குடுத்துரு." மாமா அப்போதே சரி என்றார்.

அப்பா அதற்குப் பிறகு வெகுகாலம் செத்தவராகவே சௌகரியமாக வாழ்ந்தார். வரி கட்டச் சொன்னால், "நாந்தான் அன்னிக்கே போய்ட்டனே, மகனக் கேளுங்க." இரண்டாம் முறை சோறு வேண்டுமென்றால், "செத்தவனுக்கு இன்னொரு கை போடு கண்ணு." என் பிள்ளைகள் தெருவில் மொட்டைத் தலையைக் கண்டால் போதும், "இன்னைக்கு எங்கீங்க ஆட்டம்?" என்று கேட்டு அடி வாங்குவார்கள்.

போன தை மாதம் அப்பா நிஜமாகவே போனார். முதலமடைக்கு ஆள் அனுப்பினோம். மாமாவுக்கு இப்போது கண் மங்கல், நடை தள்ளாட்டம். போன ஆளை வாசலிலேயே நிறுத்தி, "ஒருக்கா ஏமாந்தது போதும், நல்லாப் பாத்துட்டு வா போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள் போய் மாரியம்மன்மேல் சத்தியம் செய்த பிறகுதான் வண்டி ஏறினார். நேரே ஆற்றங்கரைக்கு வந்தபோது நாவிதர் எனக்குத் தலையும் மீசையும் எடுத்து முடித்திருந்தார். மாமா என் மண்டையைத் தடவிப் பார்த்தார். கையில் கோடித் துணி இல்லை.

"எந்த ஊருலடா பந்தாட்டம்?" என்றார்.

மாமா என்னை விலக்கிவிட்டு நடந்தார். அடுக்கிய விறகின் பக்கத்தில் போய்க் குனிந்து, அப்பாவின் மார்பில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றுமணலில் கணவாய்க் காற்று வீசியது. பிறகு தலையைத் தூக்காமலே, பக்கத்தில் நின்ற என்னைத் தவிர இரண்டாம் பேருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"எந்திரிங்க மச்சான். அந்த எஸ்டேட்டுக்காரனுக எல்லாரும் போயிட்டானுக."