ஆறு வீட்டு விசாரணை

"நவம்பர் 5, புதன். இன்று ஒரு சிறு தவறு. ராஜவேலின் செல்போனில் ஒரு பெண்ணின் போட்டோவைப் பார்த்தேன். யாரென்று அவரிடமே கேட்டிருக்கலாம். ஜான்சியிடம் கேட்டுவிட்டேன்."

எழுதிய பிறகும் வெண்மதிக்கு மனம் ஆறவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்து மாலை நேர இதழியல் வகுப்பில், மூன்று மாதமாக ராஜவேலுக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"சிதம்பரத்துல எங்க அத்தை தெருப் பொண்ணுதான், பேரு மாலதி. அவருக்குப் பாக்குறாங்க போல" என்றிருந்தாள் வகுப்புத் தோழி ஜான்சி.

தொடர்பில்லாத இருவர் சொன்னால்தான் அது செய்தி என்பது வகுப்புப் பாடம். வெண்மதி நோட்டில் கோடு போட்டாள்: சொன்னவர், கண்டதா கேட்டதா, சொல்வதில் என்ன லாபம். ஜான்சிக்கு நேரே, 'இவளுக்கும் அவர்மேல் ஒரு கண்' என்று எழுதினாள்.

டீக்கடை பக்கிரியிடம் விசாரித்தாள். நிச்சயமே முடிந்துவிட்டது என்றார். ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் அவருக்குச் சொன்னதும் ஜான்சி என்று தெரிந்தது. அவர் பெயரை அடித்தாள்.

இனி நேரில் போவதுதான் முறை. ஞாயிறன்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள்.

மாலதியின் பக்கத்து வீட்டுத் தைலம்மாள், "நீ யாரும்மா?" என்றார்.

"கடலூர்லேர்ந்து வரேன். ராஜவேல் விஷயமா."

உடனே நாற்காலி வந்தது, காப்பி வந்தது. நிச்சயம் எதுவும் ஆகவில்லை என்றார் தைலம்மாள். அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

"ஆனா தங்கமான பொண்ணு" என்றார்.

அது பொறுக்கவில்லை. மாலதி வீட்டு முருங்கை இவர் மாடிப்பக்கம் காய்ப்பதை இவருடைய லாபமாகக் குறித்துக்கொண்டு, மேலும் ஐந்து வீடு ஏறினாள். கோபம் வருமா, சோம்பலா, பெரியவர்களை மதிப்பாளா என்று கேட்டாள். ஒரு குறையும் கிடைக்கவில்லை. ஆறு பேருக்கும் ஆறு லாபம் கண்டுபிடித்து எழுதினாள்.

அடுத்த புதன்கிழமை ராஜவேல் லட்டு கொண்டுவந்தார். தையில் மாலதியோடு கல்யாணம்.

டீக்கடையில் வெண்மதி, "இதையும் ஜான்சிதான் சொன்னாளா?" என்றாள்.

"இல்லம்மா, ராஜவேல் தம்பியே சொன்னுச்சு" என்றார் பக்கிரி. "மொதல்ல வேணாம்னு சொல்லி அனுப்பிடுச்சாம். ஞாயித்துக்கெழம மாப்ள வூட்டுலேர்ந்து யாரோ ஒரு பொண்ணு போயி ஆறு வூட்டுல விசாரிச்சிருக்கு. இவ்ளோ அக்கறையான்னு பொண்ணோட அப்பா போன் போட்டாராம். போயிப் பாத்துருக்காங்க, புடிச்சிப்போச்சி."

அன்றைய குறிப்பில் வெண்மதி ஒரே வரி எழுதினாள்: "நாளைய வேலை: வகுப்பின் சார்பில் வாழ்த்து மடல் எழுதுவது."