ரெண்டாம் பந்திக்காரர்

பெங்களூர் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதியில், அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வராமல் நின்றுபோன கல்யாணம் உண்டு. ரெண்டாம் பந்தி வராமல் நடந்த கல்யாணம் கிடையாது. அவருக்கு அதுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் எங்கள் ஆபீஸ் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முதல் பந்தியில் பெண் வீட்டுக்காரராகச் சாப்பிடுவார். தலைப்பாகையைக் கழற்றி, அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு, அடுத்த பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரராக உட்காருவார். "சாம்பார் போதுமா?" என்று கேட்டால், "மத்தவங்களுக்குப் போதுமான்னு பாருங்க" என்பார்.

ஆபீஸில் பழைய ஃபைல்களுக்கு அவர்தான் காவல். அவற்றுக்குள் வடையை ஒளித்து வைப்பார். ஒருநாள் எங்கள் துரை ஒரு காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மறுபக்கம் நின்ற என் மூக்கு தெரிந்தது. அவ்வளவு எண்ணெய். நல்லவேளை, துரை மோந்து பார்க்கவில்லை.

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லி, பாதம் மரத்துப்போக ஆரம்பித்த பிறகும் வடை நிற்கவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அவ்வளவு பசியா சார்?"

"பசின்னு ஒண்ணு வந்தே பதினாறு வருஷம் ஆச்சு தம்பி."

"அப்புறம் எதுக்குத் திங்கறீங்க?"

"வாய் நின்னா மனசு பேச ஆரம்பிக்குது. அதைக் கேக்க முடியல."

அவர் மனைவி விஷ ஜுரத்தில் இறந்து பதினாறு வருஷம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் பந்தி மாறுவதைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை.

அவருடைய ஒரே மகள் ரத்னாவுக்கு அல்சூரில் கல்யாணம். முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். "அப்பா, நீங்க பந்தியில உக்காராதீங்க. சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க."

அவர் தலையாட்டினார். மறுநாள் வாசலில் நின்று எல்லாரையும் சாப்பிட அனுப்பினார். அவர் குடித்தது ஒரு வாய் தண்ணீர்தான். மத்தியானம் மகளைச் சேலத்துக்கு, மாப்பிள்ளை ஊருக்கு, ரயிலேற்றிவிட்டுக் கல்யாண வீட்டுக்குத் திரும்பினோம். பாத்திரம் எடுக்க நான் சாமான் அறைக்குப் போனேன். அங்கே அவர் லட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய லட்டு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் கூடைக்குள் போய்ப் போய் வந்தது.

"பிடுங்கிடு தம்பி," என்றார். "என்னால நிறுத்த முடியல."

பிடுங்கினேன். விடாமல் இழுத்தார். ஒருவழியாகக் கூடை என் கைக்கு வந்ததும், என்ன செய்வதென்று தெரியாமல், "வாங்க சார், அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துட்டு வரலாம்" என்றேன்.

நடந்தோம். அன்று மனைவியைப் பற்றிப் பேசினார். மறுநாளும் பேசினார். இரண்டு வருஷம் தினமும் ஆபீஸ் விட்டதும் நடந்தோம். பேசுகிற நாட்களில் சாப்பாடு குறையும். பேச்சு வராத நாட்களில் ஏரிக்கரைக் கடலைக்காரி கூடை காலியாகும். நோய் அவரை விடவில்லை. முதலில் ஒரு விரல் போனது, பிறகு ஒரு கால். இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் அவரும் போய்விட்டார்.

எனக்கு நடப்பதென்றாலே சின்ன வயதிலிருந்து பிடிக்காது. அதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.