ஹாபிஸின் ஸ்பீக்கர்

"சத்தமே வரலியேப்பா ஹாபிஸ். கொஞ்சம் ஏத்திவிடு."

மேடையில் சம்மணம் போட்டிருந்த ஜெயபாலன், சவுண்டு சிஸ்டம் போடும் ஹாபிஸைப் பார்த்துக் கையை ஆட்டினார். மடியில் புல்புல்தாரா. தந்தி கட்டிய பெட்டியில் யாரோ தட்டச்சுக் கட்டைகளைப் பதித்துவிட்ட மாதிரி இருக்கும். ஈப்போ முழுக்கத் தேடினாலும் அதை வாசிக்க இன்னோர் ஆள் கிடைப்பது சந்தேகம். கேட்க ஆள் கிடைப்பதும் சந்தேகம்தான்.

சிலிபின் மண்டபத்தில் பழைய ரப்பர்த் தோட்டத்துக்காரர்களின் வருடாந்திர விருந்து. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதியாகி இருபது வருஷம்; விருந்து மட்டும் நிற்கவில்லை. வருஷா வருஷம் ஜெயபாலன் வாசிக்க உட்காருவார், வருஷா வருஷம் ஸ்பீக்கர் காலை வாரும், கோபத்தோடு பாதியில் எழுந்து வந்துவிடுவார். "அந்த ஸ்பீக்கரு ரோசாக்குங்க, கெட்டுப்போனத வெச்சிக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க?" என்று மனைவி நல்லம்மாள் அவர் தட்டில் கோழியை வைப்பாள்.

இந்த வருஷம் நல்லம்மாள் இல்லை. மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சமையலறையில் அவள் முணுமுணுக்கும் மெட்டை இந்த விருந்தில் முழுசாக வாசிக்கிறேன் என்று, கடைசி நாளில் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். மனுஷி வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். "ஏன்டி கத்துற?" என்று எத்தனை தடவை திட்டியிருப்பார். இப்போது அந்தக் கத்தலுக்கு ஏங்கிக் கிடந்தார், பாவம்.

ஹாபிஸ் ஏற்றினான். முன்வரிசையில் பழனியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிடிக்காவிட்டால் எழுந்து போக வேண்டியதுதானே, இதென்ன மரியாதை என்று ஜெயபாலனுக்குச் சுருக்கென்றது.

"இன்னும் வரல. ஒயர மாத்து லா."

ஒயர் மாறியது. ஒரு கைக்குழந்தை வாயைப் பிளந்து அழ, தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். விருந்துத் தலைவர் சீனி மேடையேறி, அவர் தோளைப் பிடித்து முகத்துக்கு நேரே சொன்னார்.

"போதும்ணே. சாப்பாடு ஆறுது, வாங்க போலாம்."

"நல்லம்மாகிட்ட சொல்லியிருக்கேன் சீனி. முடிக்காம எறங்க மாட்டேன்."

சீனி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

ஜெயபாலன் தானே எழுந்து போனார். ஹாபிஸை ஒதுக்கிவிட்டு, சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, விடுவிடுவென்று வந்து கட்டைகளை அழுத்தினார். பாதிச் சனம் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்குப் பாய்ந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் புகைந்தது. ஹாபிஸ் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினான்.

அவர் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். விரலுக்கடியில் தந்தி அதிர்ந்தது, உள்ளே நல்லம்மாள் முணுமுணுத்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் மெட்டை முழுசாக முடித்தார்.

கண்ணைத் திறந்தால், வெளியே போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து மேடையை ஒட்டி நின்றார்கள். கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பழனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாலன் இறங்கி நேராக ஹாபிஸிடம் போனார்.

"இன்னிக்கிதான் உன் ஸ்பீக்கரு சரியாச்சா? அவ உசுரோட இருந்தப்ப ஒரு தடவ இப்படிச் செஞ்சிருக்கக் கூடாதா? வருஷம் தவறாம உன் ஸ்பீக்கரத்தானே கொற சொல்லிக்கிட்டிருந்தா."

ஹாபிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காதோரம் குனிந்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னான்.

"ஸ்பீக்கரு ரோசாக்குனு சொல்லச் சொன்னதே அக்காதாண்ணே. உங்களுக்குக் காது போச்சின்னு தெரிஞ்சா, வாசிக்கிறதையே விட்டுடுவீங்கன்னு."