கங்கம்மாளுக்கு இடம் கொடுத்த வரலாறு

உலகத் தொழிலாளர் வரலாற்றை இனி எழுதப் போகிறவர்கள் லண்டன், பாரிஸ் என்று அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு ஒரகடம் வந்தால் போதும். கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஓர் ஆலை இருக்கிறது. அதன் வாசலில் இருக்கும் சங்க அலுவலகத்தில், மனித குலம் இதுவரை கண்டிராத ஒரு நாற்காலியைத் தரிசிக்கலாம்.

அதைப் பெற்றெடுத்தவர் இணைச் செயலாளர் தோழர் புருஷோத்தமன். குன்றத்தூரில் வீடு. குழம்பில் உப்பு போதவில்லை என்று அவர் சொன்னால்கூட, "கோரிக்கைய எழுத்து மூலமா குடுங்க" என்பாளாம் மனைவி மரகதம். நமக்கெதற்கு அடுத்த வீட்டுக் குழம்பு? விஷயத்துக்கு வருவோம்.

பழங்குடித் தொழிலாளர் உரிமைக்காக ஒவ்வொரு கிளையும் "களத்தில் இறங்க" வேண்டும் என்று சங்கத்தின் மேலிடம் சொல்லிவிட்டது. புருஷோத்தமன் களத்தைத் தேடினார். தான் தினமும் கைகழுவும் தொட்டியைத் தேய்த்து வைக்கிற கங்கம்மாள் ஓர் இருளர் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. புல்லரித்துவிட்டது மனிதருக்கு. இத்தனை வருஷமாகக் களம் பக்கத்திலேயே துடைப்பத்தோடு நின்றிருக்கிறது!

தலைவர் தணிகாசலத்தையும் பத்துப் பதினைந்து தோழர்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

"தயங்காம சொல்லும்மா. உங்க சனத்துக்கு இன்னா வேணும்?"

கங்கம்மாள் தயங்குகிற ஆளே இல்லை. "ஒரு எடம் வேணும்ண்ணா. அவ்ளோதான்."

புருஷோத்தமன் கண் கலங்கினார். "கேட்டீங்களா தலைவரே? எடம்! பிரதிநிதித்துவம் கேக்கறாங்க!"

"அது இன்னாவோ எனக்குத் தெரியாதுண்ணா. கான்ட்ராக்ட் ஆளுங்கள கேன்டீன்ல வுடறதில்ல. ஜெனரேட்டர் ரூமு பின்னால நின்னுக்கினே துன்றோம். கீழ பூரா ஆயிலு. குந்தறதுக்கு ஒரு..."

மீதி கைதட்டலில் போய்விட்டது.

மறுவாரமே செயற்குழு கூடி, பழங்குடித் தொழிலாளருக்குக் குழுவில் "ஓர் இடம்" ஒதுக்கியது. ஏகமனதாக. விவாதமெல்லாம் அந்த இடத்துக்கு வாங்கும் நாற்காலிக்குக் கை வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான். கை வைத்த நாற்காலி முதலாளித்துவத்தின் சின்னம் என்றது ஒரு தரப்பு. உழைப்பவனுக்குக் கைதானே எல்லாம் என்றது மறுதரப்பு. டீ வந்தது. மறுபடியும் டீ வந்தது. கை ஓங்கியது.

அப்போதுதான் பொருளாளர் சசிரேகா வாயைத் திறந்தாள். "அதுல யாரு ஒக்காருவா?"

"இதென்னம்மா கேள்வி? கங்கம்மாதான்" என்றார் புருஷோத்தமன்.

"அவங்க மெம்பரே இல்லியே சார். கான்ட்ராக்ட் ஆளு மெம்பராவ முடியாதுன்னு நம்ம சட்டவிதியிலயே இருக்குது. நீங்கதான எழுதினீங்க?"

"விதிய மாத்திட்டா போச்சு" என்றது ஓர் அப்பாவிக் குரல்.

தணிகாசலம் செருமினார். "மாத்தலாம். ஆனா ஒருத்தர சேத்தா கான்ட்ராக்ட் அத்தன பேரையும் சேக்கணும். அவங்க நம்மளவிட ஜாஸ்தி. அடுத்த எலெக்‌ஷன்ல நம்ம எல்லாரும் தரையிலதான் ஒக்காரணும்."

புருஷோத்தமன் மெல்ல எழுந்தார். "தோழர்களே! நாற்காலி காலியாவே இருக்கட்டும். காலி நாற்காலியே ஒரு கண்டனக் குரல்!"

அந்தக் கண்டனக் குரலுக்கு முதுகு சாய்க்கும் வசதியோடு மெத்தையும் வைத்து வாங்கினார்கள். வரும்போது ஷேர் ஆட்டோவில் நாற்காலி உள்ளே உட்கார்ந்து வந்தது. புருஷோத்தமன் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க வந்தார். பழங்குடி மக்களுக்காக அவர் பட்ட ஒரே கஷ்டம் அதுதான் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஊர் வாயை மூட முடியுமா?

திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். நாற்காலியின் முதுகில் சிவப்பு எழுத்தில் "பழங்குடித் தொழிலாளர் பிரதிநிதி". நாற்காலிக்கு மாலை, கங்கம்மாளுக்குப் பொன்னாடை. காலையிலிருந்து நின்று கால் கடுத்தவள், அட, எங்க நாற்காலிதானே என்று உட்காரப் போனாள்.

"ஐயய்யோ, ஒக்காந்துடாதம்மா!" நாலு பேர் பாய்ந்தார்கள். "பக்கத்துல நில்லு. லேசா தொட்டுக்க. ஆங், சிரி."

அந்தப் படம் வாட்ஸ்அப்பில் மறைமலை நகர் வரை போய், அங்கிருந்த கிளைகளின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. படத்தை நேரிலேயே பார்க்க மேலிடம் புறப்பட்டது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பார்த்து நாற்காலியைக் காணோம்.

"பிரதிநிதித்துவம் காணாம போச்சின்னு மேலிடத்துல எப்படிய்யா சொல்றது?" தணிகாசலம் தலையில் கைவைத்தார். பிறகு கை போனுக்குப் போனது. "போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிடுவோம். இருளருங்க எடுத்துட்டாங்கன்னா போதும், மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சுளுவா முடிஞ்சிடும்."

"இருங்க தலைவரே, நான் பாத்துட்டு வரேன்" என்று புருஷோத்தமன் கொதிக்கிற வெயிலில் ஓடினார்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. அதில் கங்கம்மாள், மடியில் சோற்று டப்பா. பக்கத்தில் டப்பாவும் கையுமாக நாலு பெண்கள் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

"இன்னாம்மா அநியாயம் இது? சங்கத்து சொத்து!"

"பின்னால எங்க பேருதான போட்டுகீது? அக்கா பொண்ணு ரஞ்சனி படிச்சி சொன்னாளே."

"உங்க எடந்தாம்மா. யாரு இல்லன்னா? அதுல நீ ஒக்காரக் கூடாது, அவ்ளோதான். தலைவரு போலீசுக்குப் போன் போடறேன்னு நிக்கிறாரு."

போலீஸ் என்றதும் காத்து நின்றவர்கள் டப்பாவோடு சுவரோரமாக ஒதுங்கினார்கள். கங்கம்மாள் டப்பாவை மூடினாள்.

"எங்க பேரு போட்டத நாங்க எடுத்தா திருட்டாண்ணா?" என்றபடி எழுந்தாள். "சரி, தூக்கிக்கினு போ. மொதல்ல செத்த குந்து. மூஞ்சி வெளுத்துப் போச்சி."

வெயிலில் ஓடிவந்த தோழருக்குத் தலை சுற்றத்தான் செய்தது. உட்கார்ந்தார். சட்டவிதி அவரைத் தடுக்கவில்லை; அவர் நிரந்தரத் தொழிலாளி. மெத்தை மெத்தென்றிருந்தது.

"நல்லா கீதா?"

"சொகமா இருக்கும்மா."

"இருக்கும், இருக்கும். இந்த ஜெனரேட்டர் ரூமு கீதே, அங்கதான் எங்க வூடு இருந்திச்சி. கம்பெனி வந்து குந்திச்சி. இப்ப நீ."

உட்கார்ந்த சுகத்தில் புருஷோத்தமனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

மறுநாள் மேலிடம் வந்தபோது நாற்காலி சங்க மேடையில் இருந்தது. காலியாக இல்லை. உரிய ஆள் கிடைக்கும்வரை அந்தப் பொறுப்பைத் தோழர் புருஷோத்தமன் தன் இடுப்பில் தாங்குவதாகக் காலையில்தான் அவசரத் தீர்மானம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் கங்கம்மாள், அதே பொன்னாடை, லேசாகத் தொட்டபடி.

மேலிடத்துத் தோழர் நெகிழ்ந்துபோய் அவளிடம் மைக்கை நீட்டினார். "உங்க பிரதிநிதி எப்படிம்மா செயல்படறாரு?"

கங்கம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே சிரித்தாள்.

"எங்க எடத்துல குந்திக்கினு கீறாரு சார்."