லிட்டர் சார் ஏசி போட்ட நாள்

சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் மெட்ராசில் எல்லாத் தெருவிலும் உண்டு. மேம்பாலத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மனிதர் எங்கள் தெருவில் மட்டும்தான் இருந்தார். அவர்தான் லிட்டர் சார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் மீன் பலகை போடுகிற முனைக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார். ஏதோ ஆபீசில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், தெருவுக்கே டீச்சரம்மா. ஒரே பெண், கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தது. அதற்கடுத்த பிள்ளை அந்தக் கார்.

கார் என்றால் பெரிய கப்பல் இல்லை. சின்னது, வெள்ளை, பின்பக்கம் நறுக்கிவிட்டாற்போல மொட்டையாக முடியும். தலையும் நடுத்துண்டும் இருக்கிற மீன் அது, வால்துண்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் சொல்வேன்.

அந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்பதுதான் அவருக்குக் காலைச் செய்தி, மாலைச் செய்தி எல்லாம். "இன்னா சார், சவுக்கியமா?" என்று கேட்டால், "பதினெட்டரை" என்பார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். "பதினாறு" என்றால் அன்றைக்கு அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

மெட்ராஸ் தட்டையான ஊர். இறக்கம் வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போக வேண்டும். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, வண்டியைத் தன் போக்கில் உருளவிடுவார். முகத்தில் அப்படி ஒரு அமைதி வரும். "இப்ப வர்ற வண்டில நியூட்ரல்ல போட்டா ஒண்ணும் மிச்சமாவாது சார்" என்று ஒரு மெக்கானிக் சொன்னான். அன்றோடு அந்த மெக்கானிக்கை மாற்றிவிட்டார். பாலத்தை மாற்றவில்லை.

ஒரு நாள் டீச்சரம்மா என் பலகை முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"கூப்பிடு தூரத்துல இருக்கற மயிலாப்பூர் குளத்துக்கு, அடையாறு பாலம் ஏறி இறங்கி, திரும்பி வந்து, அப்புறம் போறார் அஞ்சலை. நடந்து போயிருந்தா நான் அர்ச்சனையே முடிச்சிருப்பேன்."

பின்னாலேயே வந்த சார் விட்டுக்கொடுக்கவில்லை. "சுத்தினா என்ன? ஆவரேஜ் ஏறுதில்ல?"

"அப்ப கன்னியாகுமரி போய்ட்டு மயிலாப்பூர் வந்தா இன்னும் ஏறுமே!"

டீச்சரம்மா கிண்டலாகத்தான் சொன்னார். சார் கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "ஏறும்" என்றார். "ஹைவேல நல்லாவே ஏறும்."

ஏசி என்ற பேச்சே அந்த வண்டியில் கிடையாது. "ஏசி போட்டா வண்டி பெட்ரோலைக் குடிக்காது, அதுல குளிக்கும்" என்பார். கத்திரி வெயிலில் டீச்சரம்மா நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் விசிறியோடு முன் சீட்டில் உட்கார்ந்து போவார். கொஞ்சம் வேகம் கூடினால் சார் கண்ணாடியையும் ஏற்றச் சொல்லிவிடுவார். காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்குமாம்.

அடுத்து எடை. வண்டியில் என்னென்ன கனம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி என் மீன் தராசுக்குக் கொண்டுவந்தார். கால்மிதி வந்தது. குடை வந்தது. டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் மூடி இருக்கிற பலகை வந்தது. ஒரு நாள் பிள்ளையாரே வந்தார்.

"சார், சாமியப் போய் மீன் தராசுல..."

"போடு அஞ்சலை. சாமி கோவிச்சுக்க மாட்டார்."

"கால் கிலோகூட இல்லியே சார்."

"கால் கிலோ கால் கிலோவாத்தான் நம்மளை ஏமாத்தறாங்க."

யார் ஏமாற்றுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையார் மாடிக்குப் போனார். அவர் இடத்துக்கு ஒட்டுகிற பிள்ளையார் ஒருவர் வந்தார். அந்த நாட்களில் டீச்சரம்மா என் தராசுப் பக்கமே வருவதில்லை. அடுத்து தன்னை ஏறச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கடைசியில் ஸ்டெப்னி டயரும் இறங்கியது. மாடியில் வைத்தால் டீச்சரம்மா திட்டுவார் என்று என்னிடம் கொடுத்துவைத்தார். நான் அதன்மேல்தான் மீன் பலகையைச் சாய்த்து வைப்பேன். வண்டி தி.நகரில் பஞ்சர் ஆனபோது எனக்குத்தான் போன் வந்தது. வியாபாரத்தைப் பக்கத்துப் பூக்காரியிடம் விட்டுவிட்டு, டயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பனகல் பார்க்குக்குப் போனேன். "இன்னா ஆயா, மீனு வுட்டுட்டு டயரு வியாபாரமா?" என்றான் ஆட்டோக்காரன். "ஆமா நைனா, இது முள்ளு இல்லாத ஜாதி, ஒரு துண்டு வோணுமா?" என்றேன். இப்படி நடந்த பிறகாவது டயரை வண்டியில் வைத்துக்கொள்வார் என்று பார்த்தேன். சக்கரத்தை மாற்றிக்கொண்டு, பஞ்சரானதை ஒட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

இப்படி இருக்கையில்தான் பெங்களூர்ப் பெண் ஒரு குண்டைப் போட்டது. இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல், போதாததற்கு எலி வேறு ராத்திரி ராத்திரி ஒயரைக் கடிக்கிறது. இவ்வளவு தொல்லைக்குக் கால் டாக்ஸியே மேல், வண்டியை விற்றுவிடுங்கள் என்றது.

"லிட்டருக்கு இருபது கொடுக்கிற வண்டியை எவனாவது விப்பானா பாப்பா?"

"டவுன்லயா? வண்டி செஞ்சவனே அப்படிச் சொல்ல மாட்டான்பா!"

பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. டாங்க்கைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். ஒரு வாரம் ஊருக்குள் மட்டும் ஓட்ட வேண்டும். பிறகு மறுபடி கழுத்து வரை நிரப்பிக் கணக்குப் பார்க்க வேண்டும். இருபது வந்தால் வண்டி இருக்கும். வராவிட்டால் விற்றுவிட வேண்டும். சார் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் எங்கள் தெரு இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். வண்டி வருவது தெரிந்ததும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார், சார் பிரேக் போடக் கூடாதென்று. காய்கறி வண்டிக்காரர் தானாக ஒதுங்கிக்கொள்வார். மாடியிலிருந்து ஒருவர், "சார், ஸ்கோர் என்ன?" என்பார். "இருபதைத் தொட்டாச்சு!" என்று சார் கண்ணாடியை இறக்காமலே உள்ளிருந்து கையைக் காட்டுவார். டீச்சரம்மா ஒரு வாரமும் வண்டியில் ஏறவில்லை. புருஷனுக்காகச் செய்த தியாகமா, விசிறிக்கு ஓய்வா, தெரியவில்லை.

அதே வாரத்தில்தான் என் கடைசி மகன் கல்யாணம். பெண் வீடு சைதாப்பேட்டை. மறுநாள் அங்கே விருந்து. மீன் என் பொறுப்பு என்று சபையில் சொல்லிவிட்டேன். மீன்காரி வீட்டுச் சம்பந்தம், மீனுக்கு வேறு யாரைக் கேட்பது? விடியற்காலையில் கடற்கரைக்குப் போய், என் கண்ணாலேயே செவுளைத் தூக்கிப் பார்த்து எடுத்த வஞ்சிரம், மூன்று கூடை. ஐஸ் போட்டுச் சாக்கு மூடி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மந்தைவெளி தாண்டியதும் ஆட்டோ ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. டிரைவர் அடியில் போய்ப் படுத்தான், எழுந்திருக்கவே இல்லை.

கத்திரி வெயில். ஐஸ் தண்ணீராகி ரோட்டில் ஓடுகிறது. வேறு ஆட்டோவை மறித்தால், கூடையைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறான். "தண்ணி சொட்டும் ஆயா, சீட்டு நாறிடும்" என்று ஒருவன் உபதேசம் வேறு. மீன்காரி கொண்டுபோன மீன் கெட்டுப்போனது என்று சைதாப்பேட்டையில் பேச்சு வந்தால், நான் எந்த முகத்தோடு பலகை போடுவேன்?

அப்போது அந்த வெள்ளை வண்டி வந்தது. பந்தயத்தின் கடைசி நாள். பெட்ரோல் பங்க் அந்தத் திருப்பத்தில்தான் இருந்தது, வண்டி வரிசை ரோடு வரை நின்றது. சார் முகம் கோயில் தேர் மாதிரி பிரகாசமாக இருந்தது. என்னைப் பார்த்தார். பிரேக் போட்டார். அந்த மனிதர் முழு பிரேக் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"என்ன அஞ்சலை?"

"ஒண்ணுமில்ல சார், நீங்க பங்க்குக்குத்தானே போய்க்கினு கீறீங்க? போங்க, போங்க. நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

"ஐஸ் எங்கே?"

"தோ, ரோட்ல ஓடுது பாருங்க."

அவர் தண்ணீரைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பங்க்கைப் பார்த்தார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். எல்லாவற்றையும் எடை போட்டு இறக்கிய டிக்கி அல்லவா, துடைத்துவைத்த கூடம் மாதிரி காலியாக இருந்தது. இரண்டு கூடை அங்கே, ஒன்று பின்சீட்டில். நான் முன்னால், டீச்சரம்மா இடத்தில்.

"சைதாப்பேட்டை வரைக்கும் தாங்குமா?"

"இந்த வெயில்ல தாங்காது சார். எவ்ளோ மசாலா போட்டாலும் காட்டிக் குடுத்துடும்."

பங்க்கை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். ஏசி குமிழின்மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படாமல் இருந்தது. அதை உரித்தார். திருகினார். முதலில் தூசி வந்தது. அடுத்து ஒரு காய்ந்த வேப்பிலை பறந்து வந்து என் மடியில் விழுந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் குளிர்! நடுப்பலகை இல்லாததால் அது நேரே டிக்கி வரைக்கும் போனது. அந்த வண்டியில் ஏசி காற்று வாங்கிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

"சார், ஏசி!"

"தெரியுது."

"சார், பந்தயம்!"

"நீ மீனைப் பாரு."

நந்தனம் சிக்னலில் நெரிசல். எந்தச் சிக்னலிலும் இன்ஜினை அணைத்துவிடுகிறவர் அன்றைக்கு அணைக்கவில்லை. எதிரில் மீட்டர் பலகையில், லிட்டருக்கு எத்தனை என்று காட்டுகிற ஆவரேஜ் எண் மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு எழுத்துதான் தடுமாறும், எண் நன்றாகத் தெரியும். இருபது, பத்தொன்பதுக்கு இறங்கியது. சார் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, உதறி, அந்த எண்ணின் மேல் போட்டு மூடினார்.

மீன் கண்ணாடியாக வந்து இறங்கியது. சம்பந்தி வீட்டார் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். முதல் பந்தியில் சாரை உட்காரவைத்து, வறுத்த துண்டு நானே பரிமாறினேன். நன்றாகவே சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நேரே பங்க்குக்குப் போனாராம்.

இரண்டு நாள் கழித்துப் பலகைக்கு வந்தேன். டீச்சரம்மா முகம் சரியில்லை. "இருபது வரலையாம் அஞ்சலை. வித்துடலாம்னு பாப்பாகிட்ட சொல்லிட்டார். இன்னைக்கு வண்டியைப் பாக்க ஆள் வராங்க. ஏன் வரலைன்னு கேட்டா, வரலைன்னா வரலைங்கறார்."

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ! பலகையை அப்படியே விட்டுவிட்டு மாடி ஏறினேன். பின்னாலேயே டீச்சரம்மாவும் வந்தார். சார் போனில் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். போனை வாங்கினேன்.

"பாப்பா, நான் மீன்கார அஞ்சலை பேசறேன். ஒங்கப்பா வண்டி இருபது குடுத்துச்சு. மிச்சத்தக் குடிச்சது வண்டி இல்ல, என் வஞ்சிரம்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். டீச்சரம்மா மெதுவாகச் சார் பக்கம் திரும்பினார்.

"ஏசியா? ஏசி போட்டீங்களா?"

"ஐஸ் உருகிடுச்சும்மா..."

"இத்தனை கத்திரில நான் உருகினேனே?"

சார் கூரையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினார். போனுக்குள் பெண் சிரித்த சிரிப்பில் பெங்களூரே ஆடியிருக்கும். தீர்ப்புச் சொன்னது டீச்சரம்மாதான். "வண்டியை விக்கக் கூடாது. அந்த வஞ்சிரம் போன சுகத்துல நானும் போகணும்."

வண்டி பார்க்க வந்த ஆளைக் கீழேயே திருப்பி அனுப்பினார்கள். அவனும் நிற்கவில்லை. வண்டிக் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தவன், வாங்குகிற எண்ணத்தையே விட்டுவிட்டான். வஞ்சிர வாசனைக்குத் தெருவிலுள்ள பூனை எல்லாம் வந்து வண்டிக்கடியில் குடியேறின. ஒயர் கடித்த எலி அதன் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இவ்வளவு நல்லதை ஒரே நாளில் செய்த மீன், என் மீன்.

அப்புறம் டீச்சரம்மா ஏசியில்தான் கோயிலுக்குப் போனார். அடையாறு பாலத்தைச் சுற்றித்தான் போனார், அது மாறவில்லை. எண்ணின் மேல் கைக்குட்டை கிடக்கும்.

இப்போது அந்த வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். அவர்கள் அடையாறுக்கே குடிபோய்விட்டார்கள். ஸ்டெப்னி இன்னும் என் பலகைக்கடியில்தான் இருக்கிறது. "எடுத்துனு போங்க சார்" என்றால், "இருக்கட்டும், கனம்" என்பார்.

அவர் வீட்டுக்குக் கீழேயே ஏசி போட்ட மீன் கடை ஒன்று இருக்கிறதாம். டீச்சரம்மாதான் சொன்னார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வெள்ளை வண்டி பாலத்திலிருந்து சத்தமில்லாமல் உருண்டு இறங்கி என் முனைக்கு வந்து நிற்கும். அரைக் கிலோ மீனுக்காக இவ்வளவு தூரம் வந்து போனால் எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று அவர் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.